மலையூரில் வயதான அம்மா அப்பாவோடு உடற்பயிற்சி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

எங்கள் வீடு குன்னூருக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. ரோட்டிலிருந்து 34 படி, அதற்கு மேல் ஒரு மண் ஏற்றம். அம்மாவுக்கு இப்போது 72 வயது. 38 வருடம் கொழுந்து பறித்தவர். இரண்டு பேரும் சேர்ந்து உடற்பயிற்சி செய்யலாம் என்று முடிவெடுத்த முதல் வாரமே நான் தப்பாகத் தொடங்கினேன். "வாம்மா, ஒரு வாக்கிங் போயிட்டு வரலாம்" என்று ரோட்டுக்கு இறக்கிக் கூட்டிப்போனேன். இறங்கும்போது என்னை முந்தி நடந்தார். திரும்பி ஏறும்போது பாதி வழியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். முட்டி நடுங்கியது. அந்தப் பக்கம் வந்த ஒரு ஜீப்காரர்தான் ஏற்றிவந்து விட்டார். அப்புறம் படியேற மட்டும் இருபது நிமிடம். பத்து நாளைக்கு வீட்டில் வாக்கிங் பேச்சே எடுக்க முடியவில்லை.

அதன்பின் வரிசையை மாற்றினேன். பக்கத்து லைனில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) மூன்று வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்று பேரும் ஏற்கெனவே வாக்கிங்கில் தொடங்கி நிறுத்தியவர்கள். கோயம்புத்தூரில் வாக்கிங்கில் தொடங்கலாம். இங்கே நடை என்றாலே ஏறுவது, இல்லாவிட்டால் இறங்குவது. அதனால் மலையில் வாக்கிங் கடைசியில்தான் வர வேண்டும். கீழே உள்ள வரிசையைத் தாண்டிக் குதிக்காமல் போங்கள்.

1. ஒரு வாரம் சும்மா பாருங்கள்

கேட்காதீர்கள், பாருங்கள். "முட்டி வலிக்குதா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். வலிக்கிறது என்று சொன்னால் எங்கேயும் போக விடமாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு.

நாற்காலியிலிருந்து எழும்போது கை தொடையில் ஊன்றுகிறதா, படி இறங்கும்போது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறார்களா, நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறார்களா, ராத்திரி பாத்ரூம் போக எத்தனை தடவை எழுகிறார்கள். இந்த நான்கும் போதும். கை ஊன்றினால் தொடையில் பலம் குறைந்திருக்கிறது. சுவரைத் தொட்டால் சமநிலை குறைந்திருக்கிறது. எங்கே தொடங்குவது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

தோட்டத்தில் உழைத்தவர்களிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. "நாப்பது வருசம் மலையேறினவளுக்கு எதுக்குடி எக்ஸசைசு?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வேலையிலிருந்து நின்ற பிறகு ஏறுவதும் நின்றுபோகிறது, பயன்படாத தசை சுருங்குகிறது. வயதானவர்களிடம் அது இன்னும் வேகமாக நடக்கிறது. பத்து நாள் படுக்கையில் கிடந்து எழுந்தாலே தொடை மெலிந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதை விளக்கிப் பயனில்லை. அவர்களுக்கு வேண்டிய ஒரு காரியத்தைப் பிடியுங்கள். அம்மாவுக்கு ரேஷன் கடைக்குத் தனியாகப் போய்வர வேண்டும், யாரையும் கூப்பிடாமல். அதைத்தான் இலக்காக வைத்தோம். "சுகருக்கு நல்லது" என்ற காரணம் எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை.

2. டாக்டரிடம் எதைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும்

"உடற்பயிற்சி செய்யலாமா?" என்று கேட்டால் "செய்யலாம், மெதுவா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மாத்திரைச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோய் மாத்திரை மாத்திரையாகக் கேளுங்கள்.

பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, ஆண்களுக்குப் புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் எல்லாம் எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பைக் கொண்டுவரலாம். அதனால் பிரஷரை இரண்டு நிலையில் பார்க்கச் சொல்லுங்கள்: ஐந்து நிமிடம் படுத்திருந்த பிறகு ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை. நின்றதும் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டர் மருந்தை ஒருமுறை பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பு உதவாது. எவ்வளவு சிரமப்பட்டாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. கடிகாரத்தைப் பார்த்து "இன்னும் 90தான் காட்டுது, வேகமா நடங்க" என்று அப்பாவை விரட்டிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பேச்சை வைத்துத்தான் அளக்க வேண்டும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு சரி.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. சர்க்கரை 70க்குக் கீழே போனால் ஆபத்து. பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இதற்கு வர்க்கியை (இந்தப் பக்கத்து மொறுமொறு பேக்கரிப் பண்டம்) எடுத்துக்கொண்டு போவார்கள். வர்க்கி டீக்கு நல்லது, இதற்கு ஆகாது. அதில் கொழுப்பு அதிகம், அதனால் சர்க்கரை ரத்தத்தில் சேர நேரமாகும்.

எலும்பு பலம் குறைந்து எளிதில் உடையும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) இருக்கிறதா, முன்பு முதுகெலும்பு நொறுங்கியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இருந்தால் குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சிகள் கூடாது. யூடியூபில் வயதானவர்களுக்கு என்று போடும் பல வீடியோக்களில் அதுதான் முதலில் வருகிறது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதே சிரமம் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் சொல்லுங்கள். 2021இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு.

3. வீட்டில் முதலில் தயார் செய்ய வேண்டியவை

நாற்காலி. மரத்தாலானது, கை இல்லாததாக இருந்தாலும் பரவாயில்லை, உட்காரும் பலகை தரையிலிருந்து 17 அங்குலம் அளவில் இருக்கட்டும். முதுகுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். எழும்போது பின்னால் சறுக்கும், பழசானால் கால் விரியும்.

காலுக்குப் போடுவது. இங்கே எல்லோரும் குளிருக்குக் கம்பளி சாக்ஸ் போட்டு, அதன்மேல் ரப்பர் செருப்பை விரலில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். சாக்ஸோடு சிவப்பு சிமெண்ட் தரையில் நடப்பது எண்ணெயில் நடப்பது மாதிரி. சாக்ஸின் மேல் செருப்பு பாதி வழியில் கழன்றுவிடும். பின்பக்கம் மூடிய, அடி வழுக்காத ஷூ ஒன்று வாங்குங்கள். வீட்டுக்குள் செய்யும்போதும் அதைப் போட்டுக்கொண்டே செய்யட்டும். "வீட்டுக்குள்ள செருப்பா!" என்று அம்மா முகத்தைச் சுளித்தார். உள்ளே போட என்று புதிதாகத் தனி ஜோடி வாங்கியதும் அந்தப் பேச்சு நின்றது.

படி. மழைக்காலத்தில் படியில் பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு பக்கமாவது ஜிஐ பைப்பில் கைப்பிடி வையுங்கள். இந்தப் பட்டியலில் அதிகப் பணம் செலவாவது இதற்குத்தான், அதிகம் பயன்படுவதும் இதுதான்.

அறை. டிசம்பர், ஜனவரியில் கதவு ஜன்னலை மூடிக் கரிச்சட்டி வைத்துக் குளிர்காய்கிறோம். அந்த அறையில் பயிற்சி செய்யக் கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமே கிடையாது. மூச்சு வாங்கும்போது இன்னும் அதிகமாக உள்ளே போகும். சட்டியை வெளியே எடுத்து, ஜன்னலைத் திறந்து, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

4. அளந்து எழுதிவையுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேரே பயிற்சிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அளவு இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து "ஒண்ணும் மாறல" என்று தோன்றும், அத்தோடு நின்றுவிடும்.

முதல் அளவு: கையை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது. கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி 70 முதல் 74 வயதுள்ள பெண்ணுக்கு 10க்கும், ஆணுக்கு 12க்கும் குறைந்தால் விழும் வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கு முதல் நாள் 7 வந்தது.

இரண்டாவது அளவு: சமையல் மேடைக்குப் பக்கத்தில், ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் நிற்பது. கை மேடைக்கு மேலே, தொடாமல் இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். 10 விநாடி நிற்க முடியாவிட்டால் அதுவும் விழுவதற்கான அறிகுறிதான்.

இரண்டையும் தினசரி காலண்டர் தாளில் எழுதிச் சுவரிலேயே விடுங்கள். உங்கள் அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு கோட்டில் நிற்பதில் நான் 8 விநாடியில் தடுமாறினேன். அம்மா அதை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார்.

5. முதல் மூன்று வாரம்: நாற்காலியும் சமையல் மேடையும்

வாசலைத் தாண்ட வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். நடுவில் விடும் நாளில்தான் தசை தேறுகிறது. அதனால் "நேத்து விட்டுப்போச்சே" என்று அடுத்தடுத்த நாள் செய்ய வைக்காதீர்கள்.

முதலில் உட்கார்ந்தபடியே இரண்டு நிமிடம் கணுக்காலைச் சுழற்றுவது, தோளை உருட்டுவது. குளிரில் விறைத்த உடம்பு இது, நேரே எழுப்பினால் முட்டி பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது உட்கார்ந்து எழுதல். இதற்குத்தான் பாதி நேரம் போக வேண்டும். நாற்காலியின் நுனிக்கு வந்து, பாதத்தை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு முட்டிக்கு மேல் வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். நிமிர்ந்த முதுகோடு நேரே மேலே எழப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எடை பின்னால் இருக்கும்வரை எழ முடியாது, எழுந்தாலும் பொத்தென்று திரும்ப விழும். முதலில் கை ஊன்றி எழட்டும், அதில் தப்பில்லை. ஐந்து முறை, ஓய்வு, மறுபடி ஐந்து.

எழுவதைவிட உட்காருவதைக் கவனியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி முடிக்கும்போதுதான் பலகையைத் தொட வேண்டும். இப்படி உடம்பைத் தாங்கித் தாங்கிக் கீழே இறக்கும்போது தொடையின் முன்தசை பிரேக் பிடிக்கிறது. இறக்கத்தில் நடக்கும்போதும் அந்தத் தசை அதே வேலையைத்தான் செய்கிறது. மலையில் முட்டி வலி என்று வருகிறவர்களில் பலரும் இறக்கத்தில்தான் வலி என்பார்கள். நாற்காலியில் தொப்பென்று விழுந்து உட்காருகிறவர் படியிலும் தொப்புத் தொப்பென்றுதான் இறங்குவார். அம்மாவை வைத்துப் பார்த்தேன், இரண்டும் ஒரே வாரத்தில் மாறின.

மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும். எண்ணிக்கையை வாய்விட்டு அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது.

பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது 10 முறை. அதே இடத்தில் நின்று பாதத்தின் முன்பாகத்தைத் தூக்குவது 10 முறை. இரண்டாவதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கல்லிலும் வேரிலும் இடறுவது, பாத நுனி போதுமான அளவு மேலே வராததால்தான். அப்புறம் மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பக்கவாட்டில் நடப்பது. தோட்டத்துப் பாதை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும், அதில் நம்மை நேராக வைத்திருப்பது இடுப்பின் பக்கத் தசை. கடைசியில் ஒரே கோட்டில் நிற்பது, காலுக்கு 10 விநாடி. கடைசியில் வைப்பதற்கும் காரணம் உண்டு. உடம்பு சூடாவதற்கு முன் செய்தால் தடுமாற்றம் அதிகம், அவர்கள் மனம் தளர்ந்துவிடுவார்கள்.

வலியை எப்படிக் கணக்கு வைப்பது? செய்யும்போது கொஞ்சம் வலித்து மறுநாள் காலையில் பழையபடி இருந்தால் தொடருங்கள். மறுநாள் காலையில் முட்டி முந்தினதைவிட அதிகமாக வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். வீங்கிச் சூடாக இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

எண்ணிக்கையை வாரத்துக்கு இரண்டு மட்டும் கூட்டுங்கள்.

6. நான்காவது வாரம்: படி

கை ஊன்றாமல் எட்டு முறையாவது எழ முடிந்த பிறகே படிக்கு வாருங்கள். முதல் நாள் அடியில் உள்ள மூன்று படி மட்டும். மேலே இருந்து தொடங்கினால் நடுவில் முடியாமல் போகும்போது இரண்டு பக்கமும் படிதான் இருக்கும்.

ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இறக்கத்தில் மேல்படியில் நிற்கும் கால்தான் உடம்பைத் தாங்கி இறக்குகிறது, அந்த வேலை நல்ல காலுக்கு இருக்கட்டும். "நல்லது மேலே போகும், நோவு கீழே போகும்" என்று சொல்லிக்கொடுத்தேன், மறக்கவே இல்லை.

நீங்கள் எப்போதும் கீழ்ப்படியில் இருக்க வேண்டும். இறங்கும்போது அவர்களுக்கு முன்னால், ஏறும்போது பின்னால். பிள்ளைகள் பாசத்தில் செய்யும் தவறு, மேலே நின்று கையைப் பிடித்து இழுப்பது. இழுத்தால் அவர்கள் எடை உங்கள் கைக்கு வந்துவிடும், நீங்கள் வழுக்கினால் இரண்டு பேரும் உருள வேண்டியதுதான். கைப்பிடி இல்லாத இடத்தில் உங்கள் முன்கையை அவர்கள் பிடித்துக்கொள்ளட்டும். பிடிக்கவும் விடவும் அவர்களுக்கே முடிய வேண்டும்.

கண்ணாடியைப் பாருங்கள். தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடியாக, கீழ்ப்பாதியில் படிக்கும் வில்லை வைத்திருந்தால் இறங்கும்போது படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும். தலையை நன்றாகக் குனிந்து மேல்பாதி வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் வெளியே நடக்கத் தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி. படி விளிம்புகளில் வெள்ளை பெயின்ட் கோடு இழுத்தால் இன்னும் நல்லது. நாங்கள் மிச்சமிருந்த சுவர் பெயின்ட்டை இழுத்தோம். அழகாக இல்லை, ஆனால் தெரிகிறது.

ஊன்றுகோல். ஷூ போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால், கோலின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு வர வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் டயர் மாதிரி தேயும், தேய்ந்தால் மாற்றுங்கள். பக்கத்து லைன் அப்பா ஒருவர் ஊன்றுகோலைத் தொடவே மாட்டேன் என்றார், கிழவன் ஆகிவிடுவாராம். மகன் ஒருநாள், "அது ஊன்றதுக்கு இல்லப்பா, ரோட்டுல நாய் தொல்லை, விரட்டறதுக்கு" என்று கையில் கொடுத்தான். இப்போது நாய் இல்லாத இடத்துக்கும் எடுத்துப்போகிறார்.

7. கடைசியாக வாக்கிங்: ஏற்றம் முதலில்

ஒரே விதிதான். களைப்பு இல்லாதபோது ஏறுங்கள், களைத்த பிறகு இறங்குங்கள். நான் முதல் வாரம் இதைத்தான் தலைகீழாகச் செய்தேன்.

வீடு ரோட்டுக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை, புறப்பட்டதும் ஏற்றம்தான். எங்களைப் போல மேலே இருந்தால், வீட்டுக்குப் பின்னால் இன்னும் மேலே போகும் பாதை ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் இறங்கித்தான் ஆக வேண்டும். அப்போது இறங்குவது ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஏற அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் உட்கார ஓர் இடத்தை முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

பூங்காக்களிலும் இதைக் கவனியுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் நுழைவாயில் அடிவாரத்தில் இருக்கிறது. உள்ளே போகப் போக ஏற்றம், களைத்தால் திரும்பி இறங்கினால் போதும். குன்னூர் சிம்ஸ் பூங்கா இதற்கு நேர் எதிர். வாசல் மேலே, குளம் கீழே. பூப்பார்த்துக்கொண்டே சுகமாக இறங்கிவிட்டு, அங்கிருந்து அம்மாவை மேலே கொண்டுவரப் படும் பாட்டை வாரக்கடைசியில் போனால் நீங்களே பார்க்கலாம். சிம்ஸ் பூங்காவில் மேல்தட்டோடு நில்லுங்கள். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு ஏரியைச் சுற்றிய ரோடு வரம், கிட்டத்தட்ட சமதளம். ஆனால் முழுச் சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பாதி போய்விட்டால் திரும்புவதும் அதே தூரம்தான், அதனால் வட்டமடிக்கும் ஆசை வேண்டாம். பத்து நிமிடம் போய் வந்த வழியே திரும்புங்கள். ஏப்ரல், மே சீசனில் சைக்கிளும் குதிரையும் நெரியும் நேரத்தைத் தவிருங்கள்.

இன்னொரு தவறு, மேலே ஆட்டோவில் போய் இறங்கி, கீழ்நோக்கி மட்டும் நடப்பது. மூச்சு வாங்காததால் சுலபம் என்று தோன்றும். பழகாத தொடைக்கு இறக்கம்தான் அதிகத் தண்டனை. வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கக்கூஸில் உட்கார முடியாது.

செங்குத்தான பாதையில் நேரே ஏறாமல் குறுக்குக் குறுக்காக வளைந்து ஏறினால் சரிவு குறையும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மாதான். இறங்கும்போது முட்டியை விறைக்காமல் சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. முதுகில் கொழுந்து மூட்டையோடு அப்படித்தான் இறங்குவார்களாம். நான் போன வருடம் வரைக்கும் குதிகாலைக் குத்திக் குத்தி இறங்கிக்கொண்டிருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னபடி 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும். இதை முதல் மாதமே பிடிக்கப் பார்க்காதீர்கள். நாங்கள் வாரம் 60 நிமிடத்தில் தொடங்கினோம், 120ஐத் தொட ஏழு மாதம் ஆனது. வாக்கிங் வந்துவிட்டது என்று நாற்காலிப் பயிற்சியை விட்டுவிடவும் கூடாது. வாக்கிங்கால் தொடைப் பலம் பெரிதாக ஏறுவதில்லை.

சமவெளியிலிருந்து அம்மா அப்பாவை அழைத்துவந்திருந்தால் முதல் மூன்று நாள் வீட்டைச் சுற்றி மட்டும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்துக்கு இங்கே அதிகம் மூச்சு வாங்கும்.

8. நேரம்

விடிகாலை வாக்கிங் சமவெளிப் பழக்கம், இங்கே வேண்டாம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறுகிறது. டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி கிடக்கும், வழுக்கும். அப்புறம் காட்டுமாடு. தேயிலைக்குள் அது நிற்பது பத்தடி பக்கத்தில் போகும்வரை தெரியாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடியும் உண்டு. இவை அதிகம் நடமாடுவது இருட்டிலும் அதிகாலையிலும்தான், வயதானவரால் ஓட முடியாது. குளிர்காலத்தில் காலை பத்து மணிக்கு வெயில் ஏறியபின் போங்கள், மாலையில் ஐந்து மணிக்குள் வீடு திரும்புங்கள். மாட்டைப் பார்த்தால் போட்டோ எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள்.

மேகம் இறங்கி ரோடு மறைந்தால் அன்று நாற்காலி நாள். தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்கில் நாற்காலி நாள்தான், அதற்குத் தயாராக இருங்கள்.

குளிரில் தாகம் தெரியாது. டீயைத் தவிர எதுவும் குடிக்காதவர்கள் உண்டு. புறப்படும் முன் ஒரு டம்ளர் வெந்நீர் குடிக்க வையுங்கள். மங்கி குல்லா போட்டுக்கொள்ளட்டும், ஆனால் காது முழுக்க மூடினால் பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்காது. ரோட்டோர நடைக்குக் காதை விட்டுக் கட்டும் துண்டே மேல்.

9. சேர்ந்து செய்வது என்றால்

பக்கத்தில் நின்று "இன்னும் அஞ்சு, இன்னும் அஞ்சு" என்று சொல்வது சேர்ந்து செய்வதில் சேராது. இரண்டாவது நாளே சண்டை வரும். இன்னொரு நாற்காலியைப் போட்டு நீங்களும் உட்கார்ந்து எழுங்கள். எண்ணும் வேலை அவர்களுடையது. அவர்கள் ஓய்வெடுக்கும்போது நீங்கள் கூடுதலாகச் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் வேகநடையைத் தனியாக வேறு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதையே உங்கள் உடற்பயிற்சியாகவும் நினைத்தால் பத்தாவது நாள் பொறுமை போய் முன்னால் நடக்கத் தொடங்குவீர்கள். முன்னால் போகிறவரைப் பிடிக்க அவர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள், இடறுவது அப்போதுதான். எப்போதும் அவர்கள் பக்கத்தில், சரிவின் கீழ்ப்பக்கம் நடங்கள். போன் பையிலேயே இருக்கட்டும்.

படியில் இருக்கும்போது திருத்தம் சொல்லாதீர்கள். பேச்சுக்குப் பதில் சொல்லத் திரும்புவார்கள். சொல்ல வேண்டியதைச் சமதளம் வந்தபின் சொல்லுங்கள்.

10. உடனே நிறுத்த வேண்டியவை

நெஞ்சில் அழுத்தமோ தாடை, இடது கைக்குப் பரவும் வலியோ, பேச முடியாத மூச்சுத்திணறல், கண் இருட்டுதல், திடீரென்று வாய் கோணுதல் அல்லது ஒரு பக்கக் கை கால் சோர்ந்துபோதல். இதில் எது வந்தாலும் உட்கார வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு ஏறிப் போய்ப் பார்க்கலாம் என்று படியேற்றாதீர்கள். இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். தோட்டத்துப் பாதைக்குப் பெயர் இருக்காது, அதனால் பக்கத்து ரோட்டில் ஆம்புலன்ஸ் நிற்கக்கூடிய இடத்தை முன்பே முடிவு செய்துவையுங்கள்.

புறப்படும் முன் பார்த்த பிரஷரில் மேல் அளவு 180ஐயோ கீழ் அளவு 110ஐயோ தாண்டியிருந்தால் அன்று எதுவும் வேண்டாம், டாக்டரிடம் பேசுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ராத்திரி தூக்கமில்லை என்றாலும் லீவுதான்.

விழுந்துவிட்டால் உடனே தூக்காதீர்கள். இடுப்பு, மணிக்கட்டு, தலை மூன்றையும் கேட்டுப் பார்த்து, காலை அசைக்க முடிகிறதா என்று பார்த்த பிறகு, அவர்களே பக்கவாட்டில் திரும்பி முட்டி போட்டு, நாற்காலியையோ கல்லையோ பிடித்து எழட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

11. விட்டுப்போனால்

விட்டுப்போகும். கல்யாணம், காய்ச்சல், ஒரு வார மழை, உங்களுக்கே வேலை. ஒரு வாரம் விட்டால் பழைய எண்ணிக்கையில் பாதியில் தொடங்குங்கள். மூன்று வாரத்துக்கு மேல் விட்டால் 4ஆம் பகுதிக்குப் போய்த் திரும்ப அளந்துவிட்டு ஐந்தாவதிலிருந்து வாருங்கள். விட்ட இடத்திலிருந்தே தொடரப் பார்ப்பவர்களுக்குத்தான் முட்டி வீங்குகிறது.

அம்மாவுக்குப் போன ஐப்பசி மழையில் நான்கு வாரம் விட்டுப்போனது. 11 ஆகியிருந்த கணக்கு 9க்கு வந்தது. காலண்டர் தாளில் 9 என்று எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் என்னுடையதையும் எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டினார். எனக்கும் இரண்டு குறைந்திருந்தது.